அங்கன நமக்கு ஆள் இல்ல

தூத்துக்குடி
ஏப்ரல் 3, 2025

அன்புள்ள மதினிக்கு,

இந்துமதி எழுதுகிறேன். உங்கள் பேருக்குத் தபால் வந்திருப்பதைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள், வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் சொல்லலாம் என்றால் உங்கள் போன் பகலெல்லாம் மாவு ஆர்டருக்காகக் கல்லாவில் கிடக்கிறது. அழைத்தால் அண்ணன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இட்லி மாவு நிறுக்கிறான். இது ஸ்பீக்கரில் சொல்கிற விஷயம் இல்லை.

எம்.எஃப்.ஏ. படிக்க எனக்கு இரண்டு இடத்தில் சீட்டு கிடைத்திருக்கிறது. ஒன்று திருவனந்தபுரம். இன்னொன்று உங்கள் வடோதரா. எது என்று ஜூன் ஐந்தாம் தேதிக்குள் சொல்லியாக வேண்டும். நீங்கள் அந்த ஊரிலேயே இருப்பதால் அந்தக் கல்லூரியின் மவுசு உங்களுக்குத் தெரிந்திருக்காது. படம் வரைகிறவர்களிடம் அந்தப் பேரைச் சொன்னால் மறுகேள்வி கிடையாது. நான் பி.எஃப்.ஏ. படித்த நாலு வருஷமும் நம் தெருவில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "கடைக்கு போர்டு எழுதப் படிக்கியாளா?" என்பதுதான். திருவனந்தபுரமும் நல்ல இடம்தான், குறை சொல்ல மாட்டேன். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். ஆனால் எனக்கு வேண்டியது வடோதரா.

அப்பாவுக்குத் தூரம் என்பது கிலோமீட்டரில் இல்லை என்று உங்களுக்கே தெரியும். நம் ஆள் கடை வைத்திருக்கிற ஊர் எல்லாம் அவருக்குப் பக்கத்து ஊர். கடை இல்லையென்றால் விளாத்திகுளம்கூட வெளிநாடு. வடோதராவில் அண்ணன் இருக்கிறான் என்பதால் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டார். நிபந்தனை ஒன்றுதான், நான் உங்கள் வீட்டில் தங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனிடம் பேசும்போது கேட்பார். அவன் சரி என்பான். ஆனால் வீடு உங்களுடையது, முதலில் உங்களிடம் நான் கேட்க வேண்டாமா?

சரி என்று சொல்லுங்கள் மதினி. ஒரு மூலை போதும் எனக்கு.

உங்கள்
இந்து


வடோதரா
ஏப்ரல் 11

இந்து,

கடிதம் வந்தது. ஒன்பது வருஷத்தில் இந்த ஊரில் என் பேருக்கு வந்த முதல் தபால். தபால்காரர், பகவதி என்று யாராவது இருக்கிறார்களா என்று கீழ்வீட்டில் போய் விசாரித்துவிட்டு வந்தார். சீட்டு கிடைத்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு எழுதுவதை நீ ரசிக்க மாட்டாய்.

என் வீட்டில் தங்க வேண்டாம்.

நீ கேட்ட மூலையில் உளுந்து மூட்டை இருக்கிறது. வீடு என்பது ஒரு ஹாலும் சமையலறையும். ஹாலில் இரண்டு கிரைண்டர். விடியும் முன் அரைக்கத் தொடங்கினால் எட்டு மணிக்குத்தான் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும். இதற்குள் நாங்களும் இரண்டு பிள்ளைகளும். சின்னவள் ஜெயபிரியாவுக்கு இரண்டு வயது, கையில் கிடைத்ததை எல்லாம் மாவு வாளியில் போடுகிறாள். அதோடு உன்னைத் தனியாக அனுப்பவா போகிறார்கள்? அத்தையும் கூட வருவார்கள். வந்தால் உடனே போக மாட்டார்கள். எனக்கு அந்தத் தெம்பு இல்லை, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இதெல்லாம் என் பக்கம். உன் பக்கமும் ஒன்று இருக்கிறது. நான் வாளி தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நீ உட்கார்ந்து படம் போடுகிற ஆள் இல்லை. எழுந்து வருவாய். முதல் நாள் பிரியத்தில் வருவாய், மாதம் முடிவதற்குள் அது உன் வேலையாகிவிடும். ஒருநாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். கல்யாணத்தின்போது என்னை பி.எட். படிக்க வைப்பதாகச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. அரிசி ஊறிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

கல்லூரியில் ஹாஸ்டல் இருக்குமே. அதைக் கேள்.

பகவதி


தூத்துக்குடி
ஏப்ரல் 21

மதினி,

இங்கே எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். நான் நலமாக இல்லை.

உங்கள் கடிதத்தை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்ப் படித்தேன். படித்துவிட்டு அழுதேன், பிறகு கோபம் வந்தது, இப்போதும் கோபமாகத்தான் எழுதுகிறேன். நேற்று அப்பா அண்ணனிடம் கேட்டார். அண்ணன் ஒரு நொடி யோசிக்கவில்லை. "வரட்டும்ப்பா, பகவதிக்கும் கைக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றான். பின்னால் கிரைண்டர் சத்தம் கேட்டது. நீங்களும் பக்கத்தில்தான் இருந்திருப்பீர்கள், ஒன்றும் சொல்லவில்லை. போனில் ஊமை, தபாலில் மட்டும் வாய்.

ஒத்தாசைக்கு எல்லாம் நான் பயந்தவள் இல்லை. நாலு பாத்திரம் கழுவினால் என் கை தேய்ந்துவிடாது. நீங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் என் கட்டிலில்தான் பிள்ளைகளோடு படுக்கிறீர்கள், நான் தரையில் படுப்பேன். மூலையில் என்ன இருக்கிறது என்று நான் என்றைக்காவது கணக்குச் சொன்னேனா?

அம்மா தீபாவளி வரைக்கும் கூட இருந்துவிட்டு வருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது எனக்கும் பிடிக்கவில்லைதான். அதற்காக இப்படியா? உங்களுக்கு பி.எட். போனது என்றால் எனக்கும் எதாவது போனால்தான் சமம் ஆகுமா? இதை எழுதக் கூடாது என்று தெரியும். எழுதிவிட்டேன், அடித்து அழிக்கப் போவதில்லை.

அண்ணன் சரி சொல்லிவிட்டான். நீங்கள் சும்மா இருந்தால் போதும்.

இந்துமதி


வடோதரா
ஏப்ரல் 29

இந்து,

நீ சும்மா இருக்கச் சொன்ன கடிதம் வருவதற்கு முன்பே நான் சும்மா இல்லாமல் போய்விட்டேன். இதற்குள் உன் வீட்டில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும், என் வாயாலும் கேட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா மறுபடி அழைத்தார்கள், அத்தைக்கும் சேர்த்து டிக்கெட் போடலாமா என்று கேட்க. நான் கல்லாவிலிருந்து போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்தேன். "மாமா, இந்து எங்க வீட்ல தங்க வேண்டாம், ஹாஸ்டல்ல இருக்கட்டும். நான் இந்த ஊர்லதான இருக்கேன், நல்லது பொல்லதுக்கு நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து மாமாவிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. போனை லிங்கராஜிடம் கொடு, மகனிடம் பேசிக்கொள்கிறேன் என்றார்கள். கொடுத்தேன்.

உன் அண்ணன் அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. சோறு வேண்டுமா என்று கேட்டால் பெரியவனிடம் பதில் சொல்கிறார். "என் தங்கச்சிய வேண்டாம்னு சொல்ல ஒனக்கு யாரு அதிகாரம் தந்தா?" என்று அன்றைக்கே ஒரு தடவை கேட்டார். நல்ல கேள்விதான்.

பி.எட். பற்றி நீ எழுதியது வலித்தது. அதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. கட்டில் பற்றி எழுதியதும் உண்மை, அதற்காக உனக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் கட்டிலில் நான் படுத்தது பத்து நாள் விடுமுறைக்கு. நீ கேட்பது இரண்டு வருஷம். நான் சொன்னதில் தப்பு இல்லை, சொன்ன விதம் தப்பாக இருக்கலாம்.

பகவதி


தூத்துக்குடி
மே 6

மதினி,

சந்தோஷமா இப்போது? வடோதரா போச்சு.

அப்பா தார்ப்பாய்க் கடையைப் பூட்டிக்கொண்டு சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் அப்படி வந்து நான் பார்த்ததே இல்லை. சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்து, "அங்கன நமக்கு ஆள் இல்ல" என்றார். அண்ணன் இருக்கிறானே என்றேன். "வீட்ல சேக்காத எடத்துல இருந்தா என்ன, இல்லாட்டா என்ன" என்றார். அவ்வளவுதான். ஒன்பது வருஷமாகப் பக்கத்து ஊராக இருந்த வடோதரா ஒரே சாயங்காலத்தில் வெளிநாடு ஆகிவிட்டது. அம்மா உங்களைப் பற்றி என்னவெல்லாம் சொன்னாள் என்று எழுத மாட்டேன், நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரத்துக்குப் போ என்கிறார்கள். அங்கே சாலை பஜாரில் பொன்னுதுரை சித்தப்பா பாத்திரக்கடை வைத்திருக்கிறார் இல்லையா, ஆகவே அது நம் ஊராம். எந்தக் கல்லூரியில் யார் பாடம் நடத்துகிறார்கள், எங்கே நூலகம் பெரியது, எங்கே என்னைப் போல் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று நான் ஆறு மாதம் தேடிப் படித்தது ஒன்றும் செல்லாது. எங்கே பித்தளைக் குடம் விற்கிறார்களோ அங்கே நான் படிக்க வேண்டும்.

நீங்கள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம் மதினி. சரி என்று சொல்லிவிட்டு, நான் வந்ததும் ஹாஸ்டலுக்கு அனுப்பியிருக்கலாம். உண்மை பேசுவதற்கு உங்களுக்குக் கிடைத்தது என் விஷயம்தானா?

நான் விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி அனுப்பிய ஹாஸ்டல் விதிகளை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். உள்ளூரில் ஒருவர் கார்டியனாக, அதாவது காப்பாளராக, கையெழுத்துப் போட வேண்டும், அவருக்கு அந்த ஊர் முகவரிச் சான்று வேண்டும். "யாரு போடுவா? ஒங்க அண்ணன் அவன் பொஞ்சாதிய மீறிப் போடுவானா?" என்றார். போட்டால்? என்றேன். "போட்டு வரட்டும், பேப்பர்ல ஒரு ஆள் இருக்கட்டும், அப்பொறம் பாப்போம்" என்றார். அப்பா பாப்போம் என்றால் பார்ப்பார். நல்லது பொல்லதுக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னீர்களே, பாருங்கள். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

இந்துமதி


வடோதரா
மே 14

இந்து,

படிவத்தை உன் அண்ணன் முன்னால் வைத்தேன். படித்தார், மடித்தார், தராசுக்கு அடியில் செருகினார். "வீட்ல தங்கினா நான் பொறுப்பு. ஹாஸ்டல்ல தங்கினா எனக்கென்ன?" என்றார். சரி, நான் போடுகிறேன் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஜெயபிரியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹாஸ்டல் அலுவலகத்துக்குப் போனேன். கடைத் தெருவில் நின்று கற்ற குஜராத்தி எனக்கு நன்றாகவே வரும். அங்கே இருந்த அம்மாள் தன்மையாகத்தான் பேசினார். மின் கட்டண ரசீது இருக்கிறதா என்றார். இருக்கிறது, வீட்டுக்காரர் பேரில். வாடகை ஒப்பந்தம்? அவர் பேரில். கேஸ் இணைப்பு? அவர் பேரில். ஆதார் அட்டையைக் கொடுத்தேன். அதில் ஏரல், என் அப்பா வீட்டு விலாசம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்கள் இந்த ஊர் இல்லையே அம்மா" என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் நான் அரைத்த மாவில்தான் தோசை சுடுகிறார்கள். காய்கறிக்காரன், பால்காரன், பள்ளிக்கூட டீச்சர் எல்லோருக்கும் என்னைத் தெரியும். நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல ஒரு தாள் இல்லை. ஒன்பது வருஷமாக இது எனக்கு உறைக்கவே இல்லை, அதுதான் ஆத்திரம். நமக்கு அங்கே ஆள் இல்லை என்று மாமா சொன்னது சரிதான் போலிருக்கிறது.

முகவரி மாற்றலாம் என்று போனேன். வீட்டுத் தலைவர் தன் போனில் சம்மதம் சொன்னால்தான் மாறுமாம். விண்ணப்பம் போட்டுவிட்டேன். உன் அண்ணனுக்குச் செய்தி வந்தது, நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

இன்னும் நாள் இருக்கிறது. என்னைத் திட்டுவதாக இருந்தால் திட்டி எழுது, எழுதாமல் இருக்காதே.

பகவதி


தூத்துக்குடி
மே 20

அன்புள்ள மதினிக்கு,

போதும், விட்டுவிடுங்கள். இதற்காக நீங்கள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அவமானப்பட வேண்டாம்.

நேற்றுத் திருவனந்தபுரத்திலிருந்து சித்தியும் சித்தப்பாவும் வந்தார்கள். நான் அங்கே ஹாஸ்டலில் இருக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தான் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது அண்ணன் மகள் ஹாஸ்டலிலா என்றார். கடைக்கு மேலே மாடியில் அவர்களோடு இருக்க வேண்டுமாம். சித்தி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "படம் போடுத கைன்னாலும் உறுதியாத்தான் இருக்கு. எனக்கும் முட்டுவலி, ஆள் இல்லாமத் தவிச்சேன், நல்லதாப் போச்சு" என்றாள். பிரியமாகத்தான் சொன்னாள். அம்மா சிரித்துக்கொண்டே காபி கொடுத்தாள். நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன். நீங்கள் முதல் கடிதத்தில் எழுதியது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் உங்களைப் பற்றி எழுதியதெல்லாம் தப்பு மதினி, முக்கியமாக பி.எட். விஷயம்.

என்ன வரைகிறேன் என்று ஒரு தடவை கேட்டிருந்தீர்கள், போன வருஷம் நீங்கள் வந்திருந்தபோது. நான் சரியாகச் சொல்லவில்லை. நம் மொட்டை மாடியில் காற்றில் வந்து படியும் கரித்தூசி இருக்கிறதே, கொடியில் காயும் வேட்டியைப் பாழாக்குகிறது என்று அம்மா புலம்புவாளே, அதைத் துடைத்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். பிசினில் குழைத்து அதில்தான் வரைகிறேன். துறைமுகத்துக் கிரேன், லாரிக்கு மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டுகிறவர்கள், அப்பாவின் கடைக் கயிறு. இரண்டு கல்லூரியும் இதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள்.

வடோதராக்காரர்கள் நேர்காணலில் ஏன் இங்கே வர விரும்புகிறாய் என்றார்கள். நான் தயாராக வைத்திருந்த பதில் எல்லாம் மறந்துபோய், "பேருக்காக" என்று சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் அது உண்மை. இந்தத் தெருவில் நான் என்ன செய்கிறேன் என்று விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. விளக்காமல் ஒரு பேரைச் சொல்லிவிட்டு நடந்து போக வேண்டும், அந்த ஆசைதான். இப்போது அது இல்லை. ஜூன் நாலாம் தேதி அப்பா என்னைப் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப் போய்த் திருவனந்தபுரத்துக்கு உறுதி செய்யச் சொல்லப் போகிறார். சித்திக்குச் சமைத்துப் போட்டுவிட்டு மிச்ச நேரத்தில் வரைவேன். வரைவேனா என்று தெரியவில்லை.

அண்ணனோடு ராசியாகிவிடுங்கள். என்னால் உங்கள் வீட்டில் சண்டை வேண்டாம்.

இந்து


வடோதரா
மே 29

இந்து,

உன் கடிதம் கைக்கு வந்த அன்று நான் அரிசி ஊறப் போடவில்லை.

வேறொன்றும் செய்யவில்லை. சண்டை போடவில்லை, அழவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படுக்க வைத்துவிட்டு நானும் படுத்துவிட்டேன். காலையில் உன் அண்ணன் எழுந்து கிரைண்டரைக் கழுவிவிட்டு வாளியைத் திறந்தார். காலியாக இருந்தது. உளுந்து வாளியும் அப்படித்தான். என்ன இது என்றார். இந்து வந்து அரைக்கட்டும் என்று இருந்தேன், அவள்தான் வரவில்லையே என்றேன். சத்தம் போட்டார், கீழ்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. நான் சின்னவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்குக் கடை வாசலில் தூக்குவாளியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். மாவு இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. போனில் வேறு ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. மேலே ஏறி வந்தார். எத்தனையோ நாள் கழித்து என் முகத்தைப் பார்த்து, "இப்ப ஒனக்கு என்னதான் வேணும்?" என்றார்.

"நான் இருக்கிற வீட்டு விலாசம் என் பேர்ல வேணும்" என்றேன்.

பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துச் சம்மதம் கொடுத்தார். நான் எழுந்து அரிசி களைந்து போட்டேன். அதற்குப் பிறகும் என்னோடு பேச்சு இல்லை. நேற்று அத்தையிடமிருந்து போன், குடும்பத்தைப் பிரிக்க வந்தவள் என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டேன். எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே.

அட்டையில் விலாசம் மாறிவிட்டது. நேற்று மறுபடி ஹாஸ்டல் அலுவலகத்துக்குப் போனேன். அதே அம்மாள்தான். உறவு என்ற இடத்தில் அண்ணன் மனைவி என்று எழுதினேன். தொழில் என்ற இடத்தில் எப்போதும் இல்லத்தரசி என்று எழுதுகிற கை, இந்தத் தடவை மாவு வியாபாரம் என்று எழுதியது. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். உனக்கு அறை ஒதுக்கியிருப்பதாக மெயில் வந்திருக்கும், அதை மாமாவிடம் காட்டு. பேப்பரில் ஆள் கேட்டார்கள், இருக்கிறேன் என்று சொல். மருமகள் கையெழுத்து செல்லாது என்றால் ஹாஸ்டலில் செல்லியிருக்கிறது என்று சொல். அதற்கு மேலும் திருவனந்தபுரம்தான் என்று நீ முடிவு செய்தால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பேருக்காக வந்தாலும் சரி, எதற்காக வந்தாலும் சரி, அது உன் இஷ்டம். சித்தியின் முட்டுவலிக்காக மட்டும் முடிவு செய்யாதே.

இன்னொன்று. ஹாஸ்டலிலிருந்து வெளியே போக வேண்டுமென்றால் காப்பாளர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டுமாம். அந்தச் சீட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார்கள், ஒவ்வொரு தடவையும் நீ என்னிடம் வந்து கேட்க வேண்டும், நான் விசாரித்துவிட்டுப் போட வேண்டும் என்றார்கள். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிச் சீட்டு வரைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கே போகிறாய் என்று எழுதுகிற இடம் எல்லாச் சீட்டிலும் காலியாக இருக்கிறது. நீயே எழுதிக்கொள், என்னிடம் சொல்லக்கூட வேண்டாம்.

என் வீட்டு விலாசத்தை மட்டும் அதில் எழுதிவிடாதே. வந்தால் வாளியைத் தூக்கச் சொல்லிவிடுவேன்.

பகவதி